பிள்ளையை மறந்துவிட்டால்

ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தைக்குப் போன நாகேஸ்வரி அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டாள். போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து ஏழில், கொழும்பின் காலி வீதியில் ஒரு தமிழ்ப் பெண் மறக்கவே கூடாத பொருள் அது. சோதனைச் சாவடியில் மறித்த பொலிஸ்காரன் அவளுடைய ஏழு மாத வயிற்றைப் பார்த்து உட்காரக் கதிரை எடுத்துப் போட்டான், ஆனால் போகவிடவில்லை.

தகவல் கிடைத்ததும் கணவன் வரதராசா பாமன்கடை வீட்டிலிருந்து அட்டையோடு ஓடிவந்தான். சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு அவளை அழைத்துக்கொண்டு நடந்தான்.

“ஏசுங்கோவன்,” என்றாள் வழியில்.

“ஏன் ஏச?”

“நேற்றும் பால் சட்டியைக் கருக்கினன். கிளினிக்குக்கும் போக மறந்திட்டன். குளிசை போட்டனோ இல்லையோ எண்டும் தெரியாது.” புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். “பிள்ளையையும் எங்கயாவது வச்சிட்டு வந்திடுவன். நித்திரையே வருகுதில்லை.”

வரதராசா திடுக்கிட்டான். மறதியை இவ்வளவு நாளும் அவன் பகிடியாகத்தான் எடுத்திருந்தான். இவள் இதை நினைத்து உருகிக்கொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டதே என்று நெஞ்சு சுட்டது. மறுநாளே லீவு போட்டு அவளைக் கிளினிக்கில் டொக்டர் ஐறீனிடம் கூட்டிப்போனான்.

“பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தானோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம் டொக்டர். கொப்பியை மறந்து முழங்காலில நிண்டதுக்குக் கணக்கே இல்லை.”

“கவனக் குறைபாடு எண்டு ஒண்டு இருக்கு. பெரிய ஆக்களுக்கும் இருக்கும். பிள்ளை பிறந்த பிறகு அதுக்குரிய டொக்டரிட்டக் காட்டி வடிவாப் பாப்பம். இது உம்மட பிழை இல்லை. நித்திரையும் இல்லாமல் பயத்தையும் சுமந்தா மறதி கூடத்தான் செய்யும். இனி அழுகை வந்தா, ஒளிக்காமல் சொல்ல வேணும்.”

“பிள்ளையை மறந்திட்டா?”

“அது மறக்க விடுமோ? கத்துற கத்தலில கிருலப்பனை ஊரே எழும்பும்.”

நாகேஸ்வரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று வரதராசாவுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து இரவுச் சமையல் அவனுடையதாயிற்று. குளிசையைக் கீழ்வீட்டு ஹமீமா பொறுப்பெடுத்தாள். பகல் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் நின்று, “நாகேஸ், மருந்து குடிச்சீங்களா?” என்று ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேட்கக் கூப்பிடுவாள். நாகேஸ்வரிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்தக் குரலுக்காகவே யன்னலடியில் காத்திருந்தாள். மெல்ல மெல்ல நித்திரையும் வந்தது.

மகள் சுகமாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது சுடுதண்ணிப் போத்தலை வார்டிலேயே விட்டுவிட்டார்கள். வரதராசா எடுத்துவர ஓடினான். திரும்பி வந்தபோது நாகேஸ்வரி ஓட்டோவில் மகளை மார்போடு அணைத்தபடி இருந்தாள்.

“என்ர செருப்பும் வார்டுக்குள்ள கிடக்குதப்பா,” என்றாள் மெல்ல.

அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் படியேறினான்.