கரம்பொன்னில் விழுந்த ஐந்தாவது விக்கெட்

இலங்கையின் எந்தச் சர்வதேச மைதானத்தில் எவர் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தாலும், கரம்பொன் கடலில் கிறிஸ்தோப்பரின் களங்கண்டியில் ஐந்து தடிகள் படுத்துவிடும். வலை கட்டி மீன் மறிக்க அவர் தன் கையால் நட்ட தடிகள். நாலு விக்கெட்டுக்கு ஒன்றும் நடக்காது. காற்றே இல்லாத நாளாக இருந்தாலும், அன்று காலைதான் இறுக்கி நட்டிருந்தாலும், ஐந்தாவது ஆள் ஆட்டமிழந்த கணத்தில் ஐந்தும் ஒன்றாகச் சாயும். அகப்பட்ட மீனெல்லாம் வலைக்கு மேலால் போய்விடும். அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. காலியில் எடுத்தால் ஆழத்துத் தடிகள், கொழும்பில் எடுத்தால் நடுத்தடிகள், தம்புள்ளையில் எடுத்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் கரைத்தடிகள். மைதானம் ஊருக்கு எவ்வளவு கிட்டவோ தடியும் கரைக்கு அவ்வளவு கிட்ட. பந்து வீசியவர் எந்த நாட்டுக்காரர் என்பதைக் கடல் பார்ப்பதில்லை.

கிறிஸ்தோப்பருக்குக் கிரிக்கெட் விளங்காது. ஆனாலும் ஆட்டம் நடக்கும் நாட்களில் றேடியோவை விட்டு அசையமாட்டார். ஒருவர் மூன்று விக்கெட் எடுத்தால் சாப்பாடு இறங்காது. நாலு என்றால் எழுந்து நின்றுவிடுவார். கடற்தொழிலாளர் சங்கத் தலைவர் நாகமுத்து இதை இரண்டு வருடம் நம்பவில்லை. மூன்றாம் வருடம் நம்பி, விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழு கடற்கரைக்கு வந்து, தேநீர் குடித்து, தடிகள் விழுந்திருப்பது உண்மையே என்று ஏகமனதாக அறிக்கை கொடுத்தது.

பிறகுதான் கரம்பொன் வெட்டவெளியில் ஒரு சர்வதேச மைதானம் வரப்போவதாக அறிவித்தார்கள். ஊர் வெடி கொளுத்தியது. கிறிஸ்தோப்பர் கடைசிக் கரைத்தடியில் நின்று ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்ததாக நின்றது அவருடைய வீடு.

"இஞ்சருங்கோ, ஊருக்கு ஒரு நல்லது வரேக்கை ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டாள் மனைவி ஞானசவுந்தரி.

"எங்கட வீட்டுக்கு எத்தினை பனந்தூண்? எண்ணிப் பாரும்."

அவள் எண்ணினாள். ஐந்தாவதில் கையை வைத்தவள் அதை எடுக்கவில்லை.

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். ஒன்பது பேர் அவரை வரவேற்றுப் பேசினார்கள்; பதினொரு பொன்னாடையில் ஆள் கொஞ்சம் உயரம் குறைந்தார். கல் நட்ட நிமிடத்திலிருந்து இது சர்வதேச மைதானந்தான் என்று அவர் மைக்கில் அறிவித்தபோது, கிறிஸ்தோப்பர் தன் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். பிரதம விருந்தினர் முதல் பந்தை அடிப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பந்து போட வேண்டிய பொடியன் மாலை வாங்கப் போய்த் திரும்பவில்லை. சேதம் செய்யாத ஒருவரைத் தேடிய நாகமுத்து, கிரிக்கெட் தெரியாத கிறிஸ்தோப்பரைக் கண்டுபிடித்தார்.

"தலைவர், என்னாலை ஏலாது."

"ஏலாத ஆள்தான் ஐசே வேணும். பூப்போலப் போடும்."

களங்கண்டிக்கு இடம் ஒதுக்கும் கையெழுத்து நாகமுத்துவுடையது. கிறிஸ்தோப்பர் போட்டார். முப்பது வருடம் தடி நட்டு, தடிக்குக் கயிறு எறிந்த கை. தடியைக் கண்டால் தடிக்குத்தான் போகும். விக்கெட்டின் நடுத்தடி பறந்தது. கண்ணில் வெயில் அடித்ததாகப் பிரதம விருந்தினர் சொன்னார். இரண்டாவதற்கு மட்டை தன்னுடையதல்ல என்றார். மூன்றாவதற்குப் பந்து பழசு. நாலாவதற்குப் பொன்னாடை தடுக்கியது. "கல்லூரியிலை நான் ஒருக்காலும் போல்ட் ஆகேல்லை. இன்னொண்டு போடும்!" என்றார். சனம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது.

நாலு என்று கிறிஸ்தோப்பர் எண்ணிக்கொண்டார். வீட்டுக் கூரைக்குக் கீழே ஞானசவுந்தரி இருக்கிறாளா, வெளியே வந்துவிட்டாளா என்பது தெரியாது. மாதாவை நினைத்துக் கண்ணை மூடி, தேநீர்க் கொட்டகைப் பக்கமாகப் பந்தை எறிந்தார். பந்து போகும் வழியில் யோசித்து, வளைந்து, மூன்று தடியையும் கழற்றியது.

நடுவராக நின்ற விளையாட்டுக் கழகச் செயலாளர் நிசாந்தன் தடிகளைப் பார்த்தார், பிரதம விருந்தினரின் முகத்தைப் பார்த்தார், வரவேண்டிய நிதியை நினைத்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"நோ போல்! விக்கெட் இல்லை!"

கிறிஸ்தோப்பர் வீட்டுக்கு ஓடினார். முற்றத்தில் மாதாவின் சுருவச் சிலையை மடியில் வைத்தபடி ஞானசவுந்தரி கதிரையில் இருந்தாள். வீடு நின்றது.

"தூண் அஞ்சு பேரும் படுத்தவை," என்றாள் அவள். "கூரை தன்ரை பாட்டிலை அந்தரத்திலை நிண்டது. ஆரோ ஏதோ சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு கிடந்த மாதிரிக் கிடந்திட்டு, பிறகு எழும்பிட்டினம். குசினிப் பக்கத்தான் மட்டும் அரைச்சாண் தள்ளி நிக்கிறான்."

மறுநாள் அவள் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தாள். மைதானம் வருவதில் தங்களுக்கு மறுப்பில்லை; ஆனால் அங்கே நடக்கும் எல்லா ஆட்டத்துக்கும் நிசாந்தன் தம்பியே நடுவராக இருக்கவேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த கிழமை காலியில் ஒருவர் ஐந்து விக்கெட் எடுத்தார். கிறிஸ்தோப்பர் வள்ளத்தை ஆழத்துக்கு விட்டு, ஐந்து தடியையும் நட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, தள்ளி நின்ற தூணைச் சுற்றிக் குசினிக்குள் போனார்.