மூலைக்கு மூலை

பட்டறை மேசையில் கிடந்த கதவில் தச்சருக்கு ஒரு குற்றமும் அகப்படவில்லை. நாலு மூலையிலும் மூலைமட்டத்தைப் பொருத்திப் பார்த்தார், இம்மி பிசகவில்லை. பலகையில் வளைவில்லை, கீல்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஓரத்தில் மட்டும் கடப்பாரை கடித்த தழும்பு. இந்தக் கதவுதான் செவ்வாய்க்கிழமை காலை நிலநடுக்கத்தில் இறுகிப்போய், அவருடைய அக்காவை நாலு மணி நேரம் படுக்கையறைக்குள் அடைத்து வைத்திருந்தது. ஏன் என்பதுதான் பிடிபடவில்லை.

அந்த ஊருக்கு நடுக்கம் புதிதல்ல. ஊறிப்போன மேசை இழுப்பறை என்ன செய்யும்? இழுக்க இழுக்க வராது, கை ஓயும், திடீரென்று ஒரு வெட்டு வெட்டி அரையடி வந்து நிற்கும். உள்ளே கிடக்கும் ஆணியெல்லாம் குலுங்கும். பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். பூமியின் மேலோடும் அப்படித்தான். அது ஒரே துண்டு அல்ல. பெரும் பாளங்களாக, நகம் வளரும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பாளங்கள் உரசும் விளிம்பில் பாறையைப் பாறை பிடித்துக்கொள்கிறது, ஆனால் தள்ளுகிற விசை ஓய்வதில்லை. தாங்க முடியாதபோது வெட்டி நகர்கிறது. பாளத்தின் நடுவில் இருக்கும் ஊர்கள் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்குகின்றன. இந்த ஊர் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. போதாததற்குப் பாதி ஊர் பழைய ஏரி வண்டலின் மேல். சின்ன அசைவையும் அந்த மண் பெரிதாக்கிக் காட்டும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கூடத்தில் பாய் போட்டிருந்தாள். படுக்கையறைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"வா மாப்ளே," என்றார் அக்காவின் கணவர். "இப்ப நம்ம வீட்டுல கதவே சாத்துறதில்ல. நான் குளிக்கப் போனா உங்கக்கா சுவத்தப் பாத்து உக்காந்துக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. "நீ போட்ட கதவுல குத்தம் இருக்காதுடா. நான்தான் பதட்டத்துல தாழ்ப்பாளைத் தப்பா இழுத்திருப்பேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தச்சருக்கு அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு டீச்சரம்மா உள்ளறைக் கதவைத் திறந்து மூடித் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரே கட்டடம், ஒரே மாடி.

"உங்க கதவு மாட்டிக்கலையாம்மா?"

"இதுவா? இது சந்து போட்ட கதவாச்சே. பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குன்னு நீங்கதானே சிரிச்சீங்க."

சந்து என்பது இன்னொரு தச்சருக்கு இவர் வைத்த பெயர். அவர் போடும் கதவில் சுற்றிலும் சந்து தெரியும். இவரோ கதவு மாட்டி முடித்ததும் இடுக்கில் ஒரு தாளைச் செருகிப் பார்ப்பார். தாள் நுழையாது, வீட்டுக்காரர் வாய் பிளப்பார். அப்படியே நாற்பத்து மூன்று வீடு இவர் கைக்கு வந்தது. சந்து இப்போது ஏதோ கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்த மனிதர் தெரிந்து இடம் விட்டாரா, இறுக்கத் தெரியாமல் விட்டாரா என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கதவின் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்தார். நேரான சட்டத்தில் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கும். இதில் ஏழு மில்லி வித்தியாசம். அக்கா வீட்டுக்கு ஓடிவந்து வெறும் சட்டத்தை அளந்தார். அதே ஏழு. கட்டடம் சாய்ந்தபோது இரண்டு சட்டங்களும் ஒன்றுபோல் கோணியிருக்கின்றன. கதவு கோணாது, அது ஒரே பலகை. கோணிய சட்டத்துக்குள் நேரான கதவுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அவர் அத்தனை வீட்டிலும் இல்லாமல் செய்திருந்தார். மேசைமேல் கதவை மட்டும் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

டேப்பைச் சுருட்டாமலே அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"தாழ்ப்பாள் இல்லக்கா. நான்தான். பேரு வாங்கணும்னு இறுக்கிப் போட்டேன்."

அக்கா முதல் தடவையாகப் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நாலு மணி நேரம் அந்தத் தாழ்ப்பாளையே திட்டிக்கிட்டிருந்தேன்டா," என்றாள். பிறகு, "மத்த வீட்டுலயும் இப்படித்தானா?"

"நாப்பத்தி மூணு."

"எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுவியா?"

"சொல்லித்தான் ஆகணும்."

மறுநாள் காலை இழைப்புளியோடு முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவை இழைக்க வேண்டும் என்றதும், நல்ல கதவை ஏன் செதுக்குகிறீர்கள் என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார். தச்சர் தன் தவறை முதலில் சொன்னார், பிறகு வேலையைச் சொன்னார்: மேலேயும் கீழேயும் சுண்டுவிரல் கனம் இடைவெளி, தாழ்ப்பாள் பக்கம் அதில் பாதி; தாழ்ப்பாள் விழும் துளையை மேலும் கீழும் நீட்டிவிட வேண்டும்; இடைவெளியில் காற்று நுழையாமல் இருக்க மெத்தென்ற ரப்பர் பட்டை. சட்டம் கோணினாலும், உள்ளே இருப்பவர் இழுத்தால் கதவு திறக்கும்.