தரையில் வைத்து அளந்த சப்பரம்

படிக்கட்டுக்கு இந்தப் பக்கமே அந்தோணியார் சப்பரம் நின்றுவிட்டது. மன்னார்புரத்தில் புதிதாக வந்திருக்கும் மோனோரயில் நிலையத்தின் படிக்கட்டு எங்கள் தெருமுனைக்கு மேலே குறுக்காகச் சாய்ந்து இறங்குகிறது. அதன் அடிப்பக்கத்தில் சப்பரத்தின் பூவளைவு இடித்ததும் தூக்கி வந்தவர்கள் தடுமாறி இரண்டடி பின்னால் வந்தார்கள். படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. ஜன்னலோரக் கட்டிலில் அப்பா விக்டர் காத்திருந்தார். வாதத்தில் விழும்வரை இதே சப்பரத்தைச் சுமந்தவர். விழுந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறை அது அவர் ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். இன்று காலையிலேயே சவரம் செய்துவிடச் சொல்லி, வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் பிராங்க்ளினுக்கு வியர்த்துக் கொட்டியது.

“ஸ்டேஷன் கட்டுறவங்க கேட்டப்ப அளவு சரியாத்தான் குடுத்தேன் ரோசம்மாக்கா. கோயில்ல வச்சு டேப் புடிச்சு அளந்தேன்.”

“தரையில வச்சா?” என்றாள் அம்மா.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

“சப்பரம் என்ன, தானா உருண்டு வருமா? தோள்மேல வரும்னு உனக்குத் தெரியாது?”

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன திருவிழாவின்போது இங்கே தூண்கள் மட்டும் நின்றன. பொறியாளர்கள் எங்கள் தெருவில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே இந்தச் சப்பரத்தைப் பார்த்தார்கள், போட்டோகூட எடுத்தார்கள். பார்த்த பிறகும் படிக்கட்டை இங்கேதான் இறக்கினார்கள்.

“எறக்கி, கையில புடிச்சுட்டுப் போங்க,” என்றாள் அம்மா.

“தோள்ல ஏத்துனா கோயில் திரும்புற வரைக்கும் எறக்குறதில்லக்கா. வழக்கம் உங்களுக்கே தெரியும். வேணும்னா விக்டர் அண்ணன நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு வந்துடுறோம்.”

பேண்டு வாத்தியம்கூட நின்றுவிட்டது.

“உசுரோட இருக்கிற மனுசன நாலு பேரு கட்டிலோட தூக்குவீங்க. மரச் சுரூபத்த ஒரு முழம் எறக்க மாட்டீங்க. அப்படித்தானே?”

மேலே ரயில் வந்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் பயணிகள் செல்போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முன்தண்டைச் சுமந்து நின்ற என் அத்தை மகன் ஜூட்டிடம் போய், தண்டுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

“எறக்குடா.”

ஜூட் பிராங்க்ளினைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தோளை விலக்கினான். கனம் முழுவதும் அம்மாவின் கைகளுக்கு வந்து அவளுடைய முழங்கால்கள் மடங்கின. ஜூட் குனிந்து தண்டைப் பிடித்தான்; அவனுக்கு இணையாக நின்றவனும் குனிந்தான். பின்தண்டுகள் இன்னும் தோள்களிலேயே இருந்தன. புனிதர் முன்னால் சாய்ந்து நின்றார். மாலைகள் எல்லாம் எங்கள் தெருப்பக்கமாகத் தொங்கின.