ரெண்டு விரல்

சவப்பெட்டிக்குள் அப்பாவின் வலது கையை இடது கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்கள். நடீன் அதை மெல்ல இழுத்து மேலே வைத்தாள். பேஸ்பாலில் பந்து பிடிக்கும் கேட்சராக நின்றவரின் கை. கட்டைவிரல் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கோணலானால் என்ன, அப்பாவின் கைதானே.

பக்கத்திலேயே அப்பாவின் பழைய டீம் ஆட்கள் டோனட்டைத் தின்றபடி கத்திக்கொண்டிருந்தார்கள். இதுவரை ஆடியதில் எந்தப் பிட்சர், கேட்சர் ஜோடி உசத்தி என்று சண்டை.

"கோஃபாக்ஸ், ரோஸ்பரோ. மேல பேச்சே கிடையாது."

"போய்யா! வெயின்ரைட்டும் மொலினாவும் எத்தனை வருஷம் சேந்து ஆடினாங்க!"

"பிடிக்கிறவன் எவனா இருந்தா என்ன? எறியறவன்தான்யா ஆட்டமே," என்றார் வெர்ன். இவர் எறியும் பந்தைப் பிடித்தவரும், எப்படி எறிவதென்று விரலால் சைகை காட்டியவரும் அப்பாதான். மோவாயெல்லாம் சர்க்கரைத் தூள். சீ, பிணத்துக்குப் பக்கத்தில் என்ன தீனி, என்ன வாய்!

"எங்க ஜோடி மட்டும் மட்டமா?" என்றார் வெர்ன் மறுபடி. "ஸ்டாஷ் அன்னிக்கு விரலை உடைச்சுக்காம இருந்திருந்தா..."

அப்பாவின் பெயரைக் கேட்டதும் நடீன் திரும்பினாள். பெரிய லீக்கிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த நாள் அது. வெர்னை எடுத்துக்கொண்டார்கள். அப்பா டயர் கடைக்குப் போனார். தான் கொடுத்த சைகையைத் தானே மறந்த கேட்சர் என்று ஊரே சாகும்வரை அவரைக் கேலி செய்தது. அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

"அங்கிள், அப்பா அன்னிக்கு என்ன சைகை குடுத்தார்?"

"ரெண்டு விரல். வளைச்சுப் போடச் சொன்னான்." வெர்ன் கண்ணடித்தார். "அவங்க என் வேகத்தைப் பாக்க வந்திருக்காங்க, நான் வளைச்சுப் போடவா? நேரா விட்டேன் பாரு! பாவம், அவன் எதிர்பாக்கல."

மற்றவர்கள் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தார்கள்.

"அப்போ அப்பா மறக்கல."

"அட, ஸ்டாஷே கண்டுக்கல. ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்மா."

இந்த ஆளுக்கு நடீன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்தில் தன் கையால் பரிமாறியிருக்கிறாள்.

பெட்டியை மூடினார்கள். தூக்குகிற ஆறு பேரும் வரலாம் என்றார் சவ அடக்கக்காரர். வெர்ன் வாயைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டுக் கைப்பிடிக்கு வந்தார். நடீன் முந்திக்கொண்டு அதைப் பிடித்தாள்.

"கனம்மா இது, உன்னால ஆகாது. விடு, நான்தானே அவனோட ஜோடி."

அவள் விடவில்லை. மற்ற ஐந்து பேரும் வெர்னின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.