கடுகு வாங்கப் போனவர்

சுயம்புலிங்கத்துக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். கடைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம்கூட இல்லை. அதற்கும் ஸ்கூட்டர்தான்.

டாக்டர் ஆவுடையப்பனின் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. தை மாதம் நெஞ்சு படபடக்கிறதென்று போனவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட, டாக்டரே இறங்கி வந்து நாடி பார்த்தார்.

"அண்ணாச்சி, மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். தெனமும் நடங்க."

நடக்கத்தான் செய்தார். ஆனால் தெரிந்த மனிதர் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. "என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா? ஏறுங்க!" என்று நூல் கடை காளிராஜ் மொபெட்டை நிறுத்துவார். மாட்டேன் என்றால் கோபம் வரும். ஏறினால் நேரே டீக்கடை. அங்கே உளுந்த வடை. ஒரு வார நடைப்பயிற்சியில் சுயம்புலிங்கத்தின் தொப்பை ஏறி, பெல்ட்டின் நுனியில் புதுத் துளை போட வேண்டி வந்தது. அதோடு நடையை விட்டார். மனைவி பரிபூரணம் கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு அமைதியானாள். தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மச்சினன் வந்து, செத்த நேரம் வேலை இருக்கிறதென்று ஸ்கூட்டரை எடுத்துப் போனான். அந்தச் செத்த நேரம் ஆடி பிறந்தும் முடியவில்லை. பரிபூரணத்துக்கு மறதி ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

"ஏங்க, புளி வாங்கச் சொல்ல மறந்துட்டேன்."

வாங்கி வந்தால், "அய்யோ, கறிவேப்பிலை!" கறிவேப்பிலை வந்ததும் தீப்பெட்டி. நல்லெண்ணெய் மட்டும் காந்தி சிலையைத் தாண்டிப் போய் வாங்க வேண்டும். காளிராஜ் மொபெட்டில் ஏறினால் அது டீக்கடைக்குத்தான் போகும்; இங்கே அடுப்பில் சட்டி காய்கிறது. ஏறாமல் ஓடினார்.

முதலில் எரிச்சல். பிறகு பயம். மம்சாபுரத்து மாமியார் இப்படித்தான் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்து, கடைசியில் சோறு ஊட்டிய மகளிடமே, "நீ யாரு தாயி?" என்று கேட்டார். அன்று பரிபூரணம் புறவாசலில் நின்று அழுததை சுயம்புலிங்கம் பார்த்திருக்கிறார். தன்னிடமும் அவள் ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டால்? என்ன சொல்வது? பேண்டேஜ் வியாபாரி என்றா?

ஒரு சாயங்காலம் அவளிடம் சொல்லாமல் டாக்டரிடம் போனார்.

"என்னென்ன மறக்குறாங்க?"

"புளி, உப்பு, கறிவேப்பிலை. எம்புட்டு தடவை போய் வாரேன் தெரியுமா?"

"உங்க மாத்திரை?"

"அது மணி அடிச்ச மாதிரி கைக்கு வந்துரும்."

"உங்க கல்யாணத்துல உங்க அக்கா பேசுன பேச்சு?"

"அதுல ஒரு வார்த்தை விட்டுப்போகாது. பந்தியில யாருக்கு அப்பளம் வைக்கலங்கிறது வரைக்கும் சொல்லுவா."

டாக்டர் சிரித்தார். "அண்ணாச்சி, இப்ப மாடிக்கு உங்களைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

சுயம்புலிங்கம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கவே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே பரிபூரணம், "ஏங்க, கடுகு தீந்துபோச்சு. சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அலமாரியில் கடுகுப் பாட்டில் கழுத்துவரை நிறைந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வாங்கிருவோம். ஆனா எனக்கும் மறதி வந்துருச்சு பரிபூரணம். பாதி வழியில கடுகா மிளகான்னு கொழம்பிருது. கூட வா, நீதான் ஞாபகப்படுத்தணும்."

"நானா? முழங்கால் வலிக்கும்லா!"

"மாடிப்படியில ஒக்கார வச்சு வைத்தியம் பாக்கணுமா உனக்கும்?"

அவள் திரும்பிப் பாட்டிலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "டாக்டரைப் பாத்தீகளா?"

"ஞாபகமில்ல."

அவள் செருப்பைத் தேடி எடுத்துத் தூசி தட்டவே நேரமாயிற்று. தெருமுனையில் காளிராஜ் மொபெட்டை நிறுத்தி, பின்சீட்டையும் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார்.

"வண்டியை ஓரங்கட்டிட்டு நீங்களும் எங்ககூட வாங்க அண்ணாச்சி," என்றாள் பரிபூரணம். "உங்க வீட்டுலயும் எதையாவது மறந்திருப்பாங்க."