பதினான்காம் எண்

என் மனைவிக்குக் கொடி கிடைத்தது. சின்னத் துணிக்கொடிதான். முதுகில் மாட்டும் பட்டையில் செருகிய மெல்லிய கம்பில் ஆடும். 2:15 என்று எழுதியிருக்கும். அரை மாரத்தானில் அந்தக் கொடியை விடாமல் பின்தொடர்ந்தால் இருபத்தொரு கிலோமீட்டர் சொச்சத்தை இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று அர்த்தம். கொடி சுமப்பவர் சொன்ன நேரத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்துக்குள் கோட்டைத் தொட வேண்டும். முன்னால் போனாலும் தப்பு, பின்னால் போனாலும் தப்பு. தவறினால் அடுத்த முறை கொடி வேறொரு முதுகுக்குப் போய்விடும்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை எண்ணிப் பழகி, வீட்டுப் படிக்கட்டைக்கூட எண்ணாமல் ஏறமாட்டாள். நான் லிஃப்ட் மெக்கானிக். முதல் ஐந்து கிலோமீட்டர் சிங்கம், கடைசி ஐந்து அசிங்கம். இதுதான் என் ஓட்டத்தின் மொத்த வரலாறு.

போன வருடமே அவளுக்குக் கொடி கிடைத்திருக்க வேண்டியது. தகுதி ஓட்டத்துக்குத் துணையாகப் போகிறேன் பேர்வழி என்று நானும் கூடவே ஓடினேன். வழக்கம்போல ஆரம்பத்தில் பறந்து, பத்தொன்பதாவது கிலோமீட்டரில் நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் போய்விட்டிருந்தவள் திரும்பி வந்தாள். தண்ணீர் கொடுத்தாள், கெண்டைக்காலை நீவிவிட்டாள். ஆறு நிமிடம் போயிற்று, கொடியும் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த முறை அவளுடைய கூட்டத்திலேயே பெயர் கொடுத்தேன். எட்டு மாதம் பயிற்சி. ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினாள்: கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் இருபத்திரண்டு நொடி.

"முதல் அஞ்சு கிலோமீட்டர் உங்களுக்கு போரடிக்கணும். போரடிக்கலைன்னா வேகமா போறீங்கன்னு அர்த்தம்" என்றாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் நேர்ச்சாலையில் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வாள். நான் உத்தேசமாக ஓடி, முடிந்ததும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் ஐம்பது நொடி பிசகும். கடைசி மாதம் மூன்றே நொடி. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஓட்டத்தன்று எங்கள் கொடிக்குப் பின்னால் பதினான்கு பேர். ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் திரும்பிப் பார்க்காமலே "எண்ணுங்க!" என்பாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் வர வேண்டும். திரும்பிப் பார்த்தால் கால் தடுமாறும், வேகம் குறையும் என்பது அவள் கட்சி. பதிமூன்று ஒரு பேக்கரிக்காரர், கடோற்கஜன் மாதிரி ஆள். பதினான்கு நான்.

பன்னிரண்டு கிலோமீட்டர் வரை பிசகே இல்லை. உண்மையிலேயே போரடித்தது. அப்போதுதான் பாலம் வந்தது. பாலத்து இறக்கத்தில் கொடி படபடக்க அவள் வருவதை ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் யாராவது ஒரு சொந்தக்காரர் பாதித் தலையை நீட்டிக்கொண்டிருப்பார். கூட்டத்தை முந்தி முந்நூறு மீட்டர் ஓடினேன். ஓட்டமா அது, பஸ்ஸைத் துரத்துகிற ஓட்டம். ஐந்து படம் எடுத்தேன். கடந்து போகும்போது "ஏங்க, லூசா நீங்க?" என்று மட்டும் கேட்டாள். எட்டு மாத உழைப்பை ஒன்றரை நிமிடத்தில் கரைத்துவிட்டு மறுபடி கடைசியில் சேர்ந்துகொண்டேன்.

பதினைந்தில் தொடை இறுகியது. பதினாறில் கூட்டத்துக்கும் எனக்கும் நாற்பது மீட்டர் இடைவெளி. "எண்ணுங்க!" என்றதும் அடிவயிற்றிலிருந்து "பதினாலு!" என்று கத்தினேன். கத்தியதில் இருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் போயிற்று. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்து, வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், முகமெல்லாம் வெளிறிப் போச்சு? அவங்களைக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். ஒரு உதவி பண்ணுங்க. என் நம்பரையும் நீங்களே சேத்து சொல்லிடுங்க."

"ப்ராக்ஸியா?"

"நான் இல்லைன்னு தெரிஞ்சா திரும்பி வந்துடுவா சார். போன தடவை அப்படித்தான் கொடி போச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலேஜ்லகூட நான் இதைப் பண்ணினதில்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடினார்.

பதினேழாவது பலகையில் எண்ணிக்கை காற்றில் வந்தது. பதிமூன்று என்று இடி மாதிரி ஒரு குரல். கொஞ்சம் விட்டு, பதினான்கு என்று கீச்சென்று ஒன்று. என் குரல் அவ்வளவு கேவலமாகவா இருக்கும்? கொடி நிற்கவில்லை. அதே வேகத்தில் போய், அஞ்சலகக் கட்டிடத்தைத் தாண்டி வளைவில் மறைந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

மிச்சத்தைப் பாதி நடந்தும் பாதி ஓடியும் முடித்தேன். இரண்டு மணி இருபத்திரண்டு நிமிடம். கோட்டுக்கு அந்தப் பக்கம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். முதுகில் இன்னும் கொடி.

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு பதினாலு இருபத்தொண்ணு. பதிமூணு பேரும் வந்துட்டாங்க."

"நல்லவேளை, உனக்குத் தெரியாம போச்சு."

"என்ன தெரியாம போச்சு? பதினேழுலயே தெரியும். உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

நான் வேண்டிக்கொண்டது இதைத்தான். அவள் நிற்கக் கூடாது, நிற்கவில்லை. இருந்தும் நெஞ்சில் சுருக்கென்றது. பதினேழிலிருந்து நாலு கிலோமீட்டர், நான் விழுந்தேனா கிடந்தேனா என்று தெரியாமல் எப்படி ஓட முடிந்தது? கேட்கக் கூடாது என்று நினைத்ததை வாய் கேட்டுவிட்டது.

"திரும்பிப் பாக்கணும்னு ஒரு தடவைகூடத் தோணலையா?"

"ஒவ்வொரு அடிக்கும் தோணுச்சு" என்றாள். "போன வருஷம் திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் ஒரு வருஷமா நீங்க என் மூஞ்சியை நேராப் பாத்துப் பேசவே இல்ல. இன்னொரு வருஷம் அப்படி இருக்க என்னால முடியாது. அதான் திரும்பல. இப்பவாவது பாருங்க."

பார்த்தேன். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அந்த உப்பின்மேல், கண்ணிலிருந்து தாடை வரை, இரண்டு ஈரக் கோடுகள் இறங்கியிருந்தன.