இலை வைக்காத பலகை

உறையூர்ச் சுருட்டுக் கம்பெனியில் யாரிடமும் 'நாளை முதல் வராதே' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. தினமும் காலையில் மேஸ்திரி ஜெகபர் அலி ஒவ்வொருவர் பலகையிலும் புகையிலையை வைத்துவிட்டுப் போவார். யார் பலகையில் இலை இல்லையோ அவர் தம் கத்தியை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். முதலாளிக்கு வாய் நோகாது.

சிலோன் ஆர்டர் நின்ற வாரம் மூன்று பலகைகள் காலியாகக் கிடந்தன. இரண்டு பேர் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது பலகை அழகர்சாமியுடையது.

அவர் கத்தியை எடுத்தபோது பக்கத்துப் பலகை நிஜாமுதீன் கையைப் பிடித்தான்.

"எங்கண்ணே போறீங்க? சம்பந்தி இன்னிக்கு இங்கேதானே வர்றாரு?"

"அதான்டா கால் நகர மாட்டேங்குது."

அழகர்சாமியின் மகள் வள்ளிக்கண்ணுவைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் நகைக்கணக்குப் பேசிவிட்டுப் போனார்கள். திருவெள்ளறை மூக்கன் ஒருவர்தான், "நகை வேண்டாம். ஆனா நாளைக்குப் பொண்ணோட அப்பன் என் மகன் கையை எதிர்பார்த்து நிக்கக் கூடாது" என்றார். வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டில் மனைவி அமிர்தம் கேசரி கிளறிக்கொண்டிருப்பாள்.

"உட்காருங்க. அவரு வந்துட்டுப் போற வரைக்கும்தானே!" நிஜாமுதீன் தன் இலையில் ஒரு பிடி எடுத்து அவர் பலகையில் வைத்தான். கேட்காமலே மற்றவர்களும் ஆளுக்கொரு பிடி வைத்தார்கள். ஜெகபர் அலி பார்த்தார். "நான் எதையும் பாக்கலைப்பா" என்று முணுமுணுத்துவிட்டுக் கிடங்குப் பக்கம் போய்விட்டார்.

மூக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அழகர்சாமி சுருட்டிக்கொண்டிருந்த பலகை அருகே குந்தினார்.

"அடேயப்பா, என்ன வேகம் சம்பந்தி! இத்தனை சுருட்டையும் எவன் பிடிக்கிறான்?"

"பொண்டாட்டிகிட்ட பேச்சு வாங்கினவன் பூராவும் பிடிப்பான்" என்றான் நிஜாமுதீன்.

"அப்ப எனக்கு ஒரு கட்டுக் கொடு!"

கொட்டகையே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். அழகர்சாமியைப் பார்த்ததும் நின்றார்.

மூக்கன் எழுந்து கும்பிட்டார். "பொண்ணு கேட்டு வந்திருக்கோமுங்க. இவருக்கு வேலை நிலைதானுங்களே? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார்.

"மேஸ்திரி!" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜெகபர் அலி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், பலகையில் இருந்த இலையையும் உருட்டிய சுருட்டுகளையும் கூடையில் வாரிப் போட்டார். ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார்.

"என்ன பாய், மனுஷனை வேலை செய்ய விட மாட்டீங்களா?" என்று மூக்கன் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

"எனக்கு இங்கே வேலை இல்லீங்க" என்றார் அழகர்சாமி. "காலையிலேயே போயிருக்கணும். இது இவங்க கொடுத்த இலை."

மூக்கன் கோபப்படவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"திருவெள்ளறைக்கு இப்ப பஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"வாங்க, நானே கொண்டு வந்து விடறேன்" என்றார் அழகர்சாமி.

இருவரும் சத்திரம் பஸ் நிலையம் வரை நடந்தார்கள். மூக்கன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "வர்றேனுங்க" என்றார். என்றைக்கு என்று அழகர்சாமி கேட்கவில்லை.

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அமிர்தத்திடம் எதை முதலில் சொல்வது, வேலை போனதையா, மூக்கன் போனதையா என்று அவருக்குப் புரியவில்லை.